பார்லி ஊறும் நீரில் நானோ துகள்

மால்ட்டுக்கான (பீர் காய்ச்ச முளைகட்டி உலர்த்தும்) பார்லியை வெள்ளி, துத்தநாக ஆக்சைடு போன்ற நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்) கலந்த நீரில் ஊறவைத்துப் பார்ப்பவர்கள் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குளோரைடு இருந்தால் வெள்ளித் துகளிலிருந்து கரைந்த அயனி வெள்ளி குளோரைடாகப் படிந்துவிடும். கால்சியம் கூடினால் துகள்கள் ஒட்டித் திரண்டு அடியில் தங்கிவிடும். அப்புறம் 'பலனில்லை' என்று எழுதினால் யார் நம்புவது? அயனி நீக்கிய நீர் வேண்டும். திரண்ட துகளைப் பிரிக்க, ஊறும் நீரில் கலக்குமுன் அல்ட்ராசோனிக் குளியலும் (கேளா ஒலியால் அதிரவைக்கும் தொட்டி) வேண்டும்.

துத்தநாக ஆக்சைடு என்றால் மூன்று தொகுதி கட்டாயம்: வெறும் நீர், நானோ துகள், அதே அளவு துத்தநாகம் தரும் துத்தநாக சல்பேட். கடைசியதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் பலன் துகளுடையதா, கரைந்த அயனியுடையதா என்று சொல்லவே முடியாது.

ஈரப்பதம் 42–45 சதவீதம் வந்ததும் 15–16 டிகிரி செல்சியஸில் முளைகட்டுங்கள். வெள்ளி, மணியின் மேலுள்ள ஃபியூசேரியம் பூஞ்சையை அடக்கலாம். அளவு மீறினால் முதலில் அடிவாங்குவது வேர்: வெள்ளையாக நீள வேண்டியது நுனி பழுப்பேறிக் குட்டையாக நிற்கும்.

பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு, வோர்ட்டில் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு) லிட்டருக்கு 0.1–0.3 மில்லிகிராம் துத்தநாகம் போதும். மால்ட்டில் ஏறியதில் பெரும்பங்கு சக்கையோடு போய்விடும். அதனால் மால்ட்டை மட்டும் அளந்து கணக்குப் போடாதீர்கள். கொதித்து வடித்த வோர்ட்டை அளந்து பாருங்கள்.