தரை முதலா, கப்போர்டு முதலா?

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, கடலூரில் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. இரண்டு நாளில் வடிந்துவிட்டது. சமையலறையில் அடித்த நாற்றம் மட்டும் பொங்கல் வரைக்கும் போகவில்லை. மேடைக்குக் கீழே இருந்த கப்போர்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. முன்பு வேலை செய்தவர்கள் கப்போர்டை முதலில் மாட்டிவிட்டு, அதன் கால் வரைக்கும் மட்டும் டைல்ஸ் போட்டிருந்தார்கள். உள்ளே வெறும் சிமெண்ட் தரை. குடித்த தண்ணீரை அது விடவே இல்லை. பிளைவுட்டின் அடிப்பக்கம் உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது.

அதனால் இந்த முறை தரையை எப்போது போடுவது என்பதை நானே உட்கார்ந்து யோசித்தேன். புதிதாகக் கப்போர்டு செய்ய வந்தவரும் பழைய கணக்கையே சொன்னார்: "தரையைக் கடைசியா வெச்சுக்கலாம் மேடம். அடியில போற டைல்ஸ் மிச்சம், கீறலும் விழாது." கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "சுவத்துலேர்ந்து சுவர் வரைக்கும் போட்டு முடிச்சிட்டு மரவேலைக்குக் கூப்பிடுங்கக்கா" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் சமையலறை பத்துக்கு எட்டு, 80 சதுர அடி. கப்போர்டு மறைக்கும் இடம் சுமார் 32 சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸில் அது இரண்டே பெட்டி. இரண்டு பெட்டியை மிச்சம் பிடிக்கப் போய் இன்னொரு தடவை அந்த ஈரத்தோடு கிடக்க எனக்கு மனம் வரவில்லை. கொத்தனார் சொன்னபடியே முடிவு செய்தேன்.

ஆனால் அவசரப்படவில்லை. வெள்ளம் குடித்த தரைமேல் உடனே டைல்ஸ் ஒட்டினால் இணைப்புகளில் உப்புப் பூக்கும். பழைய தரையை உடைத்து எடுத்த பிறகு, ஒரு பாலிதீன் தாளை விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் அடியில் முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தது. தை, மாசி இரண்டு மாதமும் காத்திருந்தோம். பின்கட்டில் ஒற்றை அடுப்பை வைத்து அம்மா சமைத்தார்கள், பாவம். பங்குனியில் மறுபடி சோதித்தபோதுதான் தாள் காய்ந்திருந்தது.

காத்திருந்த நாளில் ஒன்று புரிந்தது. தரை போடும் நாள் பிறகு வந்தாலும், தரையின் உயரத்தை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பழைய தரையை உடைக்காமல் அதன்மேலேயே ஒட்டியிருந்தால் ஹாலைவிட சமையலறை உயர்ந்து, அம்மாவுக்கு நிலைப்படியில் கால் தட்டும். மேடை உயரமும் முடிந்த தரையிலிருந்துதான் கணக்கு. அம்மாவுக்கு 32 அங்குலம் வசதி. கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்து, முடிந்த தரை வர வேண்டிய உயரத்துக்கு நாலு சுவரிலும் கோடு போட்டார். கலவைக்கு ஒன்றரை அங்குலம், டைல்ஸுக்குக் கொஞ்சம் என்று அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்துகொண்டார். மேடை, குழாய், சிங்க் கழிவுநீர் வாட்டம் எல்லாமே அந்த ஒரு கோட்டை வைத்துத்தான் நடந்தன.

அப்புறம் சுவரில் காடி வெட்டி வயர், குழாய் வேலை. குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டுக் கசிவு பார்த்தோம். சிங்க் வளைவில் ஒரு சொட்டு வந்தது. தரை போட்ட பிறகு அது தெரிந்திருந்தால் புது டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். சரிசெய்து, பூச்சு முடித்து, மேடையும் கட்டிய பிறகுதான் தரை. வழுக்காத மேட் டைல்ஸ். மூன்றாம் நாள் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிக் கேட்டோம். மூலையில் ஒன்று, அடியில் கலவை பிடிக்காமல், பொக்கென்று ஒலித்தது. அதை மட்டும் கொத்தனார் பெயர்த்து எடுத்துத் திரும்ப ஒட்டினார்.

கீறல் விழும் என்று கப்போர்டுக்காரர் பயந்தது நியாயம்தான். பாலிதீன் விரித்து, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றிவிட்டோம். மரவேலையும் பெயிண்டும் முடிந்ததும் தாளோடு உரிந்து வந்தது.

இப்போது கப்போர்டு நாலு அங்குலப் பிளாஸ்டிக் கால்களில் நிற்கிறது. கால்களை மறைக்கும் முன்பக்கத்துப் பட்டி கையோடு கழன்று வரும். வெள்ளிக்கிழமை அம்மா அதைக் கழற்றி, கடைசிச் சுவர் வரைக்கும் துடைத்துவிட்டு மாட்டுகிறார்கள்.