பீடி சுற்றும் வீட்டில் ஒரு தரை இருக்கை

மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு இருக்கை செய்து தரலாம் என்று சொன்னால், பெற்றோரும் உதவ வருபவர்களும் முதலில் கேட்பது அதன் விலையைத்தான். தென்காசி வட்டாரத்துக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று சிகிச்சை தரும் இயன்முறை மருத்துவராக நானும் அந்தக் கேள்வியோடுதான் இந்த வேலையைத் தொடங்கினேன். அட்டைப் பெட்டி, மைதா பசை, பழைய பலகை ஆகியவற்றைக் கொண்டு பொருட்செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டாமல் நல்ல இருக்கை ஒன்றைச் செய்துவிட முடியும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஆயினும் அந்த இருக்கை குழந்தைக்குப் பயன்படுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: யார் அளவெடுக்கிறார், அந்த வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து என்ன வேலை பார்க்கிறார், குழந்தை வளர வளர அதைத் திருத்தித் தர யார் வருகிறார். ஒரு சிறுமிக்குச் செய்த இருக்கையைக் கொண்டே இதை விவரிக்கிறேன்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. கை கால்கள் நான்கிலும் இறுக்கம், கழுத்து நிற்காது. குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற வகைப்பாடு 1997 முதல் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் அவள் ஐந்தாம் நிலை, அதாவது உட்காருவதற்கே முழுத் துணை தேவைப்படும் நிலை. தந்தை கேரளத்தில் கட்டட வேலையில் இருந்தார். தாய் பீடி சுற்றுபவர். கால் நீட்டித் தரையில் அமர்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையும் தூளும் நூலுமாகக் காலை முதல் மாலை வரை நகராமல் செய்கிற வேலை அது. அந்த மடியில் ஒன்று தட்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தை இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. அதனால் சிறுமி பகல் முழுவதும் பாயில் மல்லாந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மடிக்கு வருவாள். தலை பின்னால் தொங்க, குழைத்த சோறு வாயில் ஊட்டப்படும். ஒவ்வொரு கவளத்துக்கும் இருமல் வரும். உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதற்கு அந்தத் தலை நிலையைவிட வசதியானது வேறொன்றில்லை. ஆண்டுதோறும் நெஞ்சுச் சளிக்காக அவளை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதினேன்.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு நாற்காலி இருந்தது. ஒரு முகாமில் இலவசமாகக் கிடைத்தது. உறுதியான இரும்புச் சட்டம், நல்ல மெத்தை. ஆனால் அது அவளைவிடப் பெரிய குழந்தைக்கான அளவு. அதில் உட்கார வைத்தால் இடுப்பு வழுக்கி முன்னே வந்துவிடும், முதுகு கூன் போடும், பாதங்கள் அந்தரத்தில் தொங்கும். பாதத்துக்குப் பிடிமானம் இல்லாத குழந்தை உடலை விறைத்துப் பின்னால் வளைக்கும். வளைத்ததும் இன்னும் வழுக்கும். அந்த நாற்காலியைக் கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கென்று அளவெடுத்துப் பொருத்தும் வேலை மட்டும் அங்கே நடக்கவில்லை. சக்கர நாற்காலி வழங்குவது குறித்து உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பரிந்துரைத்து அனுப்புவதில் தொடங்கிப் பராமரிப்பு வரை எட்டுப் படிகளைச் சொல்கிறது. பொருளைக் கையில் தருவது அவற்றுள் ஒரு சிறு பகுதி. மதிப்பிடுதலும், பொருத்திப் பார்த்தலும், பயிற்சியும், மீண்டும் வந்து பார்த்தலும் சேர்ந்ததே முழுச் சேவை.

அட்டையில் செய்யலாம் என்ற எண்ணம் புதியதன்று. ஜிம்பாப்வேயில் பெவில் பாக்கர் என்ற ஆசிரியர், கழிவுத் தாளையும் அட்டையையும் மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி உறுதியான பொருள்கள் செய்யும் முறையை வளர்த்தெடுத்தார். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அம்முறையில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு இருக்கைகள் செய்யப்பட்டன. நியூயார்க்கில் அட்டையைக் கொண்டு ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக இருக்கை வடிவமைத்த அலெக்ஸ் ட்ரூஸ்டெலுக்கு 2015-இல், படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. அட்டையின் சிறப்பு மலிவு மட்டுமில்லை. கத்தியால் வெட்டி, மேலே ஒட்டி, மறுபடி செதுக்கிக் குழந்தையின் உடலை நோக்கி நகர்த்திக்கொண்டே போகலாம். இரும்புச் சட்டத்தை அப்படித் திருத்த வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும்.

அளவெடுப்பதற்கு முன் அவளைப் பாயில் படுக்க வைத்து, இடுப்பு மூட்டும் முழங்காலும் எவ்வளவு மடங்குகின்றன என்று பார்த்தேன். இடுப்பு செங்கோணம் வரை தாராளமாக மடங்கியது. ஆனால் இடுப்பை மடக்கி வைத்துக்கொண்டு முழங்காலை நீட்ட முயன்றால், தொடையின் பின்தசை இழுத்துப் பிடித்தது. வடிவமைப்பின் முதல் முடிவு இங்கேயே அமைந்துவிட்டது. அந்தத் தசை இறுகியிருக்கும் குழந்தையைக் கால் நீட்டித் தரையில் உட்கார வைத்தால், அது இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுத்துக் கூன் விழச் செய்யும். அவளுக்கு முழங்கால் மடங்கித்தான் இருக்க வேண்டும். பாதங்கள் முழங்காலுக்கு நேர் கீழே வருவதைவிடச் சற்று உள்ளே தள்ளி வந்தால் இன்னும் நல்லது.

பிறகு ஒரு சிறிய பெஞ்சில் அவளை உட்கார வைத்து, என் கைகளையே இருக்கையாக்கிப் பார்த்தேன். முதலில் இடுப்பெலும்பின் இரு பக்கங்களையும் பிடித்து நிமிர்த்தினேன். முதுகு பாதி நிமிர்ந்தது, தலை இன்னும் சாய்ந்தது. வலது விலாப் பக்கம் ஒரு கையைச் சற்று மேலேயும், இடது பக்கம் மறு கையைச் சற்றுக் கீழேயும் வைத்து, பின்னாலிருந்து என் முழங்காலால் இடுப்பைத் தாங்கியபோது, தலை சில நொடிகள் தானாக நடுவில் நின்றது. தாய் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார். என் உள்ளங்கைகள் இருந்த இடங்களை அவரைக் கொண்டே குழந்தையின் சட்டையில் சாக்பீஸால் குறிக்கச் செய்தேன். பக்கத் தாங்கிகள் வர வேண்டிய இடங்கள் அவையே. எந்தச் சாதனப் பட்டியலும் இதைச் சொல்லித் தராது. இரண்டு கைகளும் பொறுமையும் இருந்தால் போதும். இதைக் கற்றுக்கொண்ட கிராமப் பணியாளர்கள் என்னைவிட நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

அதன்பின்தான் தையற்காரரின் இஞ்ச் டேப் வெளியே வந்தது. இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 27 சென்டிமீட்டர். அதில் இரண்டு விரல் அகலம் குறைத்து, உட்காரும் பரப்பின் ஆழத்தை 24 என்று வைத்தோம். ஆழம் கூடினால் பலகையின் விளிம்பு முழங்கால் மடிப்பில் இடித்து இடுப்பை முன்னே இழுக்கும். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை 23. இந்த உயரம்தான் வீட்டோடு நடந்த பேச்சின் மையமாக அமைந்தது. என் மனத்தில் மேசை உயர இருக்கை ஒன்று இருந்தது. ஊட்டுபவர் ஸ்டூலில் உட்காரலாம் என்று நினைத்திருந்தேன். தாய் மறுத்துவிட்டார். "உயரத்துல வச்சா அவ முகத்தப் பாக்க நான் எந்திரிக்கணும்லா டாக்டரம்மா. எனக்குப் பக்கத்துல, தரையோட தரையா இருந்தா, சுத்திக்கிட்டே ஒரு வாய் குடுத்துருவேன்," என்றார். அவர் சொன்னதே சரி. 23 சென்டிமீட்டர் உயரத்தில், பாதங்கள் தரையிலேயே பதியும்படி உட்கார்ந்தால், குழந்தையின் கண்கள் தரையில் அமர்ந்திருக்கும் தாயின் கண்களுக்கு ஏறக்குறைய நேராக வரும். தலையை அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவை இல்லாததால் மோவாய் சற்றே தாழ்ந்து நிற்கும். விழுங்குவதற்குப் பாதுகாப்பான நிலையும் அதுதான்.

அடிப்பெட்டியை ஊர் ஆசாரி அண்ணன் பழைய பலகையில் செய்து தந்தார். பாதங்கள் உள்ளே தள்ளி வர வேண்டும் என்று விளக்கியதும், பெட்டியின் முன்பலகையைச் செங்குத்தாக வைக்காமல் கீழ்ப்பக்கம் உள்நோக்கிச் சாய்த்து அடித்தது அவருடைய யோசனை. அடிப்பாகத்தை மரத்தில் செய்ததற்கு இந்த ஊரின் பருவமே காரணம். குற்றாலச் சாரல் காலத்தில், ஆனி முதல் ஆவணி வரை, மைதா பசையில் ஒட்டிய அட்டை உள்ளே காயாது. தரை ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும், கறையானும் வரும். அட்டை வேலைகளைச் சித்திரை, வைகாசி வெயிலிலேயே முடித்துக்கொள்வது இங்கே நல்லது. தரையைத் தொடும் பாகம் மரமாகவும், உடலைத் தொடும் பாகம் அட்டையாகவும் இருக்கலாம் என்பது எங்கள் ஊர்களுக்கு நான் சொல்லும் வழி.

ஃபிரிட்ஜ் வந்த பெட்டிதான் சிறந்த அட்டை. ஒரு அடுக்கின் நெளிவுகள் நெடுக்காகவும் அடுத்த அடுக்கின் நெளிவுகள் குறுக்காகவும் வருமாறு ஐந்தடுக்கு ஒட்டி, அரிசி மூட்டைக்கு அடியில் அழுத்தி வைத்து, பிறகு வெயிலில் உலர்த்தினால், பலகையைத் தட்டுவது போன்ற ஓசை வரும் அளவுக்கு இறுகிவிடும். ஓரங்களில் செய்தித்தாள் துண்டுகளை ஒட்ட வேண்டும். கத்தரிக்காமல் கையால் கிழித்த துண்டுகளே விளிம்பு தெரியாமல் படியும். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பசை கெடாமலிருக்க மயில்துத்தம் கலப்பது வழக்கம். எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கான பொருளில் அந்த நஞ்சைச் சேர்க்கக் கூடாது. அதைத் தவிர்த்துவிட்டு, பசையை நன்றாகக் கொதிக்க வைத்து, முழுவதும் உலர்ந்தபின் வார்னிஷ் பூசி, அதன் வாடை போகும்வரை திண்ணையில் வைத்திருந்தோம்.

உட்காரும் பரப்பு தட்டையாக இருக்கவில்லை. உட்காரும் எலும்புகளுக்குச் சற்று முன்னால் 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு வைத்தோம். விறைப்பு வரும்போது இடுப்பு முன்னே வழுக்காமல் தடுப்பது அதுதான். தொடைகளுக்கு நடுவே ஒரு சிறு கட்டை உண்டு. அது முழங்கால்களை விலக்கி வைப்பதற்கு மட்டுமே, வழுக்குவதைத் தடுக்க அதை நம்பினால் குழந்தைக்கு வலிக்கும். இடுப்புப் பட்டையைப் பள்ளிப் பையின் நாடாவிலும் பக்கிளிலும் செய்து, பரப்புக்கு 45 பாகை சாய்வில் பின்னோக்கிக் கீழே இழுக்கும்படி பொருத்தினோம். பல வீடுகளில் குழந்தை விழாமலிருக்க நெஞ்சைச் சுற்றித் துண்டால் நாற்காலியோடு கட்டுகிறார்கள். இதை நான் வேண்டிக் கேட்டு நிறுத்தச் சொல்வேன். இடுப்பு நிலையாக இல்லாத குழந்தை கீழே வழுக்கும்போது, நெஞ்சில் கட்டிய துண்டு கழுத்துக்கு ஏறும்.

மெத்தைக்கு ரெக்சின் வேண்டாம் என்று தாய் சொன்னார். எங்கள் வெயிலில் முதுகு வெந்துவிடும். செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பரின் மேல் பழைய பருத்திச் சேலையில் உறை தைத்தோம். துவைப்பதற்கு இரண்டு உறைகள். முன்னால் முழங்கை உயரத்தில் வைத்த பலகையின் விளிம்பைச் சற்றே எழுப்பினோம், கிண்ணம் உருண்டு விழாதிருக்க.

வளர்ச்சிக்கு இடம் வைத்ததைத்தான் இந்த இருக்கையின் உயிர் என்பேன். முதுகுப் பலகைக்குப் பின்னால் மூன்று அட்டைத் தகடுகள் செருகப்பட்டுள்ளன. தொடை நீளும்போது ஒன்றை உருவினால் பரப்பு அந்த அளவுக்கு ஆழமாகும். பெட்டியின் அடியில் கட்டைகள் வைத்து உயர்த்தலாம். பக்கத் தாங்கிகளைச் செதுக்கியோ மேலே ஒட்டியோ மாற்றலாம். இதைச் செய்யும் விதத்தைத் தாய்க்கும் ஆசாரி அண்ணனுக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறோம்.

முதல் நாளிலேயே நீண்ட நேரம் உட்கார வைக்கவில்லை. பத்து நிமிடத்தில் தொடங்கி, இறக்கியதும் முதுகெலும்பு, உட்காரும் எலும்பு, விலா ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தோம். அரை மணி நேரத்துக்குள் மறையாத சிவப்பு, அந்த இடத்தில் அழுத்தம் அதிகம் என்பதற்கு அடையாளம். வலது தாங்கியின் மேல் விளிம்பு அப்படிக் காட்டியது. அங்கேயே கத்தியால் செதுக்கி, கிழித்த தாள் ஒட்டி, மறுநாள் மீண்டும் பார்த்தோம். இப்போது சாப்பாட்டு வேளைகளிலும், இடையில் ஒரு முறையும் அவள் அதில் உட்காருகிறாள். மற்ற நேரங்களில் ஒருக்களித்துப் படுப்பதும், நிற்க உதவும் தாங்கியில் நிற்பதும் வேண்டும். எவ்வளவு நல்ல இருக்கையானாலும் பகல் முழுவதும் அதிலேயே விட்டுவைக்கக் கூடாது. உணவு வேளையில் இருமல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. கவளம் வரும்போது வாயைத் திறந்து காத்திருக்கிறாள்.

இருக்கை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்தாம் நிலைக் குழந்தைகளில் 90 சதவீதத்தினருக்கு இடுப்பு மூட்டு விலகல் காணப்பட்டது. நன்றாக உட்காருகிறாள் என்று நிம்மதியடைந்து இடுப்பு எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடக் கூடாது. மாவட்ட மருத்துவமனைக்கு அவளை அழைத்துச் செல்லும் நாளில் தாய்க்கு அன்றைய பீடிக் கூலி போய்விடும். இலவச இருக்கைக்கு நன்கொடை தருபவர்களிடம், அதே பணத்தில் ஒரு பகுதியை இந்தப் பயணச் செலவுக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து திருத்திக் கொடுக்கும் பணியாளரின் கூலிக்கும் ஒதுக்குங்கள் என்று நான் கேட்பது இதனால்தான். அட்டை ஓசியில் கிடைக்கிறது. திரும்பி வரும் ஆளுக்குத்தான் செலவு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஆறு வயதானதும் அவளுக்கு அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அந்த வகுப்பறையில் குழந்தைகள் தரையில் உட்காருவதில்லை, மேசைகள் இருக்கின்றன. ஆகவே இதே அளவுகளோடு, மேசை உயரத்துக்கு ஏற்ற கால்களும் பாதம் வைக்கும் பலகையும் கொண்ட இரண்டாவது இருக்கைக்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது. பாதப் பலகையை ஐந்து அடுக்குகளாகச் செய்து திருகாணியால் முடுக்கலாம், கால் நீள நீள ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம் என்று ஆசாரி அண்ணன் சொல்லியிருக்கிறார். வகுப்பு ஆசிரியையிடம் மேசையின் உயரத்தைக் கேட்டு வாங்கியாயிற்று. சாரல் தொடங்கும் முன் அட்டைகளை ஒட்டி முடிக்க வேண்டும்.