ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தாம் வகுப்பில் எத்தனை பேர்?

எங்கள் மகள் படித்த நர்சரி பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு வேறு இடம் பார்த்தாக வேண்டும் என்பது எல்.கே.ஜி.யில் சேர்த்த நாளிலேயே தெரியும். இருந்தும், பொங்கல் கழிந்து அக்கம்பக்கத்தார் விண்ணப்பம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் பேச்சே எழுந்தது. வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை. எனக்குத் தங்கசாலைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை. காலையில் பிள்ளையை யார் அனுப்புவது, மாலையில் யார் கூட்டி வருவது என்பதுதான் எங்களுக்குப் பாடத்திட்டத்தைவிடப் பெரிய கேள்வி.

அரசுப் பள்ளியில் சேர்க்கலாமே என்றார் என் நாத்தனார். அவர் சொன்னது நியாயம்தான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இரண்டுக்குமே ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. தனியார் பள்ளியில் கால் வைத்தால் இரண்டையும் விட்டுவிடுகிறோம் என்று தெரிந்துதான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கணவரும் மாமியாரும் ஒரு பக்கம் நின்றார்கள், அந்தப் பக்கம் ஜெயித்தது. எனக்கு அதில் இன்றுவரை முழுச் சம்மதம் கிடையாது.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு பள்ளிகள். ஒன்று, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய மெட்ரிகுலேஷன் பள்ளி. பழைய கட்டடம், மைதானம் என்று சொல்ல ஒரு சிமெண்ட் முற்றம். மற்றொன்று மாதவரம் பக்கம் இருக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளி. பெரிய வளாகம், கூடைப்பந்துத் திடல், வரவேற்பறையில் மீன்தொட்டி. கணவருக்கு மீன்தொட்டியைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நீட் தேர்வுக்கு சி.பி.எஸ்.இ.தான் சரி என்று அவருடைய ஷிப்டில் எல்லோரும் சொல்கிறார்களாம். மாநிலப் பாடப்புத்தகங்களை 2018 முதல் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போதே நீட் எதற்கு என்றும் கேட்டேன். இரண்டும் எடுபடவில்லை.

கட்டணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்த ஆணையைக் காட்டுங்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்டேன். பக்கத்துப் பள்ளியில் அறிவிப்புப் பலகையைக் கை காட்டினார்கள். கேட்ட தொகைக்கும் பலகையில் இருந்த தொகைக்கும் நடுவே சில ஆயிரம் வித்தியாசம், கராத்தே, கணினி என்று அதற்கு விளக்கம். தூரத்துப் பள்ளியில், "அதெல்லாம் அலுவலகத்தில் இருக்கிறது மேடம்" என்று புன்னகைத்தார்கள். அந்த அலுவலகத்தில் நின்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கேயே மகளுக்கு ஒரு நுழைவுத் தேர்வும் வைத்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ எந்தச் சோதனைக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சட்டம் பேசுகிற பெற்றோருக்கு எந்தப் பள்ளியிலும் இடம் காலியாக இருப்பதில்லை. எழுதிவிட்டு வந்த மகள், கணக்கு சுலபம், தமிழே கேட்கவில்லை என்றாள்.

இரண்டு பள்ளியிலும் நான் மகளைக் கழிப்பறைக்கு அனுப்பினேன். வயதுக்கு வரப்போகும் பெண்ணுக்குப் பள்ளி தேடும்போது இதைவிட முக்கியமான இடம் எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துப் பள்ளியில் தண்ணீர் வருகிறது, மூடியோடு குப்பைத்தொட்டி இருக்கிறது, ஆனால் ஒரு கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று வந்து சொன்னாள். தூரத்துப் பள்ளியில் பளிங்கு மாதிரி இருந்ததாம். ஆனால் வகுப்பு நடக்கும்போது பூட்டி, சாவியை ஆயாவிடம் கொடுத்துவிடுவார்களாம். அதை அந்த ஆயாவே அவளிடம் சொல்லியிருக்கிறார். எந்த விளக்கக் கையேட்டிலும் அச்சிடாத செய்தி அது.

மாடிப்படிகளையும் பார்த்தேன். 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகியதை டி.வி.யில் பார்த்த தலைமுறை நாங்கள். பழைய கட்டடம் என்று பயந்த இடத்தில் இரு முனைகளிலும் படிகள் இருந்தன, இரண்டும் திறந்திருந்தன. இங்கே இன்னொரு பயமும் உண்டு. 2024 அக்டோபரில் திருவொற்றியூரிலேயே ஒரு பள்ளியில் ஏதோ நெடி பரவி மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். அப்படி நடந்தால் பெற்றோருக்கு யார் போன் செய்வார்கள், பிள்ளைகளை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை பதில் வைத்திருந்தார். தூரத்துப் பள்ளியில், அந்தத் தொல்லையெல்லாம் உங்கள் பக்கம்தான் என்றார்கள். தொழிற்சாலைகள் நிறைந்த மணலி மாதவரத்துக்கு அடுத்த ஊர் என்பதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் அக்கா. "நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டியிருந்தால், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் என்று கேள்" என்றார். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி. அதனால் வடிகட்டுவதற்கு முதல் வசதியான இடம் ஒன்பது. கணக்கில் தடுமாறும் பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, இங்கே ஃபெயில் போடுவோம், டி.சி. வாங்கிக்கொண்டால் பாஸ் போட்டுத் தருகிறோம் என்பார்களாம். அப்படி டி.சி.யோடு வந்து நிற்கும் பிள்ளைகள்தான் அக்காவின் டியூஷனில் பாதி. எந்தப் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் வருகிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

தூரத்துப் பள்ளியில் இதைக் கேட்டதும், "எங்களிடம் அந்த மாதிரிப் பிள்ளைகளே கிடையாது" என்றார் ஒருங்கிணைப்பாளர். பக்கத்துப் பள்ளியின் பேனரில் 97 சதவீதம் என்று இருந்தது. தலைமையாசிரியையிடம் கேட்டபோது அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். தவறிய பிள்ளைகளை மாலையில் உட்காரவைத்துத் துணைத்தேர்வு எழுத வைத்ததாகவும், ஒரு பையன் அதிலும் தேறாமல் வேலைக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். நிர்வாகம் அவரைத் திட்டியிருக்க வேண்டும். அதை அவர் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. எனக்கு அந்த 97 பிடித்திருந்தது.

கணவரை வழிக்குக் கொண்டுவந்தது இவை எதுவும் அல்ல, சாலைதான். பள்ளி வேன் மணலி விரைவுச் சாலை வழியாகப் போகும். கன்டெய்னர் லாரிகளும் சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு வரும் லாரிகளும் அந்தச் சாலையை எப்படி அடைத்துக்கொள்ளும் என்று துறைமுகத்தில் வேலை செய்பவருக்கு யாரும் விளக்க வேண்டாம். பிள்ளை ஏழு மணிக்கு முன்பே வேனில் ஏற வேண்டும், மாலையில் எப்போது இறங்குவாள் என்பது லாரிகளின் கையில். வேன் கட்டணத்தைக் கேட்டபோது அவருக்கு மீன்தொட்டியின் மேல் இருந்த ஆசை முழுவதும் போய்விட்டது.

பக்கத்துப் பள்ளியில் பணம் கட்டினோம். ரசீதில் கராத்தேயைத் தனியாக எழுதித்தான் வாங்கினேன். பழைய பள்ளியில் டி.சி. வாங்கி, எமிஸ் என்னும் அரசின் மாணவர் பதிவைப் புதிய பள்ளிக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லி நடந்தது தனி அலைச்சல். ஆண்டு விழாப் பணம் பாக்கி என்று இழுத்தார்கள், பிறகு கொடுத்துவிட்டார்கள். மகளுக்கு மைதானம் இல்லை என்ற வருத்தம் இருக்கிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. கழிப்பறைக் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்திலும் கேட்பேன். அவர்கள் போடாவிட்டால் கணவரை விட்டே ஒன்று வாங்கி மாட்டச் சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.