தாமரை இலைக்கு அடியில்

சங்க மலருக்கு எழுதுகிறவர்கள் ஆண்டுவிழாவையும் கபடியையும் விடமாட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது அமீபாவைப் பற்றி.

நம் எல்லார் நோட்டிலும் அமீபா ஒரே அச்சில்தான் இருந்தது. உயிரியல் சாருக்கு அந்தப் படம் பிடிக்காது. முதல் நெல் போகமான கன்னிப்பூ அறுப்பு முடிந்த சமயம், சுசீந்திரம் குளத்துக்குக் கூட்டிப்போய்த் தாமரை இலையின் அடிப்புறத்து வழவழப்பைச் சுரண்டிக் குப்பியில் சேர்க்கச் சொன்னார். பாக்டீரியா மண்டிய இடத்தில்தானே அதற்குத் தீனி!

பள்ளியில் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்புக்கு வரிசையில் நின்றோம். முதலில் அகப்பட்டது ஆர்செல்லா, ஓடு கட்டி வாழும் அமீபா. பழுப்பு நிறம், நடுவில் ஓட்டை, அசல் உளுந்தவடை. "ஓடில்லாததும் வரும், பொறுத்துப் பாரு மக்களே" என்றார். வந்தது. ஒரு பக்கம் போலிக்கால் வழிய, உடல் முழுவதும் அதற்குள் ஒழுகிப் போயிற்று. உள்ளே ஒரு குமிழி உப்புவதும் மறைவதுமாக இருந்தது. நன்னீரில் வாழ்வதால் உடலுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அந்தக் குமிழி இறைத்துத் தள்ளாவிட்டால் அமீபா வெடித்துவிடும்.

பாடப்புத்தகம் அதற்குமேல் சொன்னது வயிற்றுக்கடுப்பு மட்டும். சார் விடவில்லை. "நம்ம வயலுக்கு இவனும் உரம் போடுகான்" என்றார். மட்கும் வைக்கோலின் நைட்ரஜனைப் பாக்டீரியா தன் உடலில் முடக்கிக்கொள்ளும். அமீபா அதைத் தின்று, மிஞ்சியதை அமோனியமாக வெளியேற்றும். அது நெல்வேருக்குப் போகும். அடுத்த போகமான கும்பப்பூ விளைச்சலில் இவனுக்கும் பங்குண்டு, கூலி கேட்டதில்லை.

இப்போது வளைகுடாவில் கட்டடக் குளிரூட்டிகளின் தண்ணீரைச் சோதிப்பது என் பிழைப்பு. அங்கேயும் இவன்தான். லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமியை விழுங்குவான், செரிக்க முடியாது. கிருமி உள்ளேயே பெருகிக் கிழித்துக்கொண்டு வெளியேறும். 1980இல் பிரிட்டனின் நுண்ணுயிரியலாளர் ரோபாதம் கண்டு சொன்னது இது. அமீபா தன்னைச் சுற்றிக் கூடு கட்டி அடங்கிவிட்டால், உள்ளிருக்கும் கிருமியைக் குளோரின்கூட எளிதில் தொடாது. அதனால் கிருமியை மட்டும் குறிவைத்துப் பயனில்லை. அது குடியிருக்கும் பாசிப்படலத்தையே சுரண்டி எடுக்கவேண்டும்.

கேரளத்து மூளைக்காய்ச்சல் மரணங்கள் செய்தியானதிலிருந்து, ஊர் வாட்ஸ்அப்பில் அமீபா என்றாலே நடுக்கம். அந்தக் காய்ச்சலைத் தரும் நெக்லீரியா பௌலேரி வேறு இன அமீபா. வெதுவெதுப்பான நன்னீரில் இருப்பது, மூக்கு வழியே மூளைக்கு ஏறும், குடித்தால் வராது. நோய் அரிது, வந்தால் பிழைப்பதும் அரிது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் குளத்தில் தலை முங்கவேண்டாம். கடலில் குளிக்கட்டும், உப்புத் தண்ணீரில் அது வாழாது. சொத்தவிளையில் அலையைப் பார்த்து இறங்கினால் போதும்.