மரப்பட்டையில எழுதற பூஞ்சை

வழவழன்னு இருக்கற மரப்பட்டையில ஒரு வெள்ளைத் திட்டு, அதுமேல கறுப்பா குட்டிக் குட்டிக் கோடுங்க, யாரோ அவசரத்துல பேனாவால கிறுக்கிட்டுப் போன மாதிரி. இதைப் பாத்துட்டு மரத்துக்கு ஏதோ நோய்னு சுரண்டிப் போடறவங்க இருக்காங்க, எனக்கு மனசு கஷ்டமாயிடும். அது நோய் இல்லீங்க, கிராஃபிடேசியே குடும்பத்து லைக்கன், அதாவது ஒரு பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழற கூட்டு. மரத்துகிட்ட இருந்து அது சாப்பாடு எதுவும் எடுக்கறதில்ல, ஒட்டிக்க இடம் கிடைச்சா போதும்.

சாப்பாடு பாசிகிட்ட இருந்து வருது. இந்தக் குடும்பத்துல பெரும்பாலும் டிரெண்டிபோலியா வகைப் பாசிதான் கூட்டாளி. அது பச்சைப்பாசி கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஆனா செல்லுக்குள்ள கரோட்டீன் சேர்ந்து கிடக்கறதால ஆரஞ்சா இருக்கும். லைக்கன்னு நாம சொல்ற பேர் எல்லாமே பூஞ்சையோட பேர், பாசிக்கு அதோட சொந்தப் பேர் தனியா இருக்கு.

அந்தக் கறுப்புக் கோடுங்கதான் பூஞ்சையோட கனி உறுப்பு, லிரெல்லான்னு சொல்லுவாங்க. லென்ஸ் வெச்சுப் பாத்தா ரெண்டு உதடு மூடினாப்ல நடுவுல ஒரு கீறல் தெரியும், அதுக்குள்ள ஆஸ்கஸ்னு பை பையா இருக்கும், பூஞ்சைக்கு விதை மாதிரி இருக்கற ஸ்போர் அங்கதான் உருவாகுது. லின்னேயஸ் 1753லயே இதுல ஒண்ணுக்கு லைக்கன் ஸ்கிரிப்டஸ்னு பேர் வெச்சிருக்கார், எழுதப்பட்ட லைக்கன்னு அர்த்தம், இப்ப அது கிராஃபிஸ் ஸ்கிரிப்டா.

நான் சொல்ல வந்தது இதோட வகைப்பாடு பத்தி. 1880கள்ல ஜான் முல்லர்னு ஒரு சுவிஸ் தாவரவியலாளர் ஸ்போரை மட்டும் வெச்சு நாலு பெட்டி போட்டார். நிறமில்லாம குறுக்குத் தடுப்பு மட்டும் இருந்தா கிராஃபிஸ், நிறமில்லாம குறுக்கும் நெடுக்கும் செங்கல் சுவர் மாதிரி தடுப்பு இருந்தா கிராஃபினா, பழுப்பு ஸ்போரா இருந்தா அதே மாதிரி ஃபியோகிராஃபிஸ், ஃபியோகிராஃபினா. எவ்ளோ வசதி பாருங்க! பிளேடால மெல்லிசா வெட்டி மைக்ரோஸ்கோப்ல வெச்சா பேரினம் கையில வந்துடும். நூறு வருஷத்துக்கு மேல அப்படித்தான் ஓடுச்சு, நானும் பழைய கீ, அதாவது பேர் கண்டுபிடிக்கற அட்டவணை வெச்சு அப்படித்தான் கத்துக்கிட்டேன்.

ஆனா உறவுமுறை அப்படி இல்ல. செங்கல் சுவர் மாதிரி தடுப்பு இந்தக் குடும்பத்துக்குள்ளயே பல தடவை தனித்தனியா வந்திருக்கு, அதனால கிராஃபினான்னு ஒரே பெட்டியில போட்டதெல்லாம் ஒரே வம்சம் இல்ல. 2002ல பெட்டினா ஸ்டைகர் லிரெல்லாவோட சுவர் அமைப்பு, அயோடின் போட்டா ஸ்போர் ஊதாவா மாறுதா இல்லையா, இதையெல்லாம் சேர்த்துப் பாத்து பேரினங்களைத் திருப்பி அடுக்கினாங்க. அப்புறம் டிஎன்ஏ வந்தது, தெலோட்ரிமேட்டேசியேன்னு தனிக் குடும்பமா வெச்சிருந்த கூட்டமும் கிராஃபிடேசியேக்குள்ளயே வந்துடுச்சு. அதுல கோடே கிடையாது, வட்டமா ஓட்டை ஓட்டையா இருக்கும், கண்ணால பாத்தா சொந்தம்னு யாரும் சொல்ல மாட்டோம். இதுக்கு நேர் எதிரா ஓபிகிராஃபான்னு ஒண்ணு அச்சு அசலா இதே மாதிரி கோடு போடும், அது வேற வகுப்பையே சேர்ந்தது. எனக்கு இந்தக் குடும்பத்து மேல பைத்தியம் பிடிச்சதே இதனாலதான்.

கிராஃபிஸும் ஒரே வம்சமா நிக்கல. 2018ல அதுல இருந்து பிரிஞ்ச கூட்டத்துக்கு அலோகிராஃபாங்கற பழைய பேரைத் திரும்ப எடுத்துக் கொடுத்தாங்க, பெரும்பாலும் லிரெல்லா தடியா இருக்கறதுங்க அது. மொத்தம் 2000 இனத்துக்கு மேல இருக்கு, 2014ல ஒரே கட்டுரையில 175 புது இனம் சொன்னாங்க. பெரும்பாலானது வெப்பமண்டலக் காட்டு மரப்பட்டையிலதான் இருக்கு, பழைய காடு போனா அதுல பேர் வைக்காதது எத்தனை போகும்னு நினைச்சா பதறுது.

இப்ப என்கிட்ட கிராஃபினான்னு எழுதி வெச்ச லைக்கன் மாதிரி பாக்கெட் மூணு இருக்கு, எல்லாத்தையும் திரும்ப வெட்டிப் பாத்துட்டு இருக்கேன். ரெண்டு கிராஃபிஸுக்குப் போயிடுச்சு. மூணாவதுல பொட்டாஷ் சொட்டு விட்டா சிவப்பு ஊசி ஊசியா படிகம் வருது, அதுல நார்ஸ்டிக்டிக் அமிலம்ங்கற லைக்கன் வேதிப்பொருள் இருக்குன்னு அர்த்தம், ஆனா ஆறு துண்டு வெட்டியும் ஆஸ்கஸ் எல்லாம் காலி, ஒரு ஸ்போர் கூட சிக்கல. நாளைக்கு இன்னொரு லிரெல்லாவை வெட்டணும்.