மூன்று மீட்டர், ஒரு சேம்பர்

மேற்கு மாம்பலத்தில், கூடப் பிறந்த மூவர் பங்கு பிரித்துக்கொள்ளவிருந்த ஒரு பழைய வீட்டை முதன்முதலாகப் பார்க்கப் போனபோது அவர்களில் மூத்தவர் ஒரு நோட்டுத்தாளை நீட்டினார். கையால் வரைந்த வீட்டுப் படம், நடுவில் சிவப்பு மையில் ஒரு கோடு. கீழே அவருக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு போர்ஷன், மாடி முழுக்கத் தங்கைக்கு. "சுவர் மட்டும் எழுப்பிக் கொடுங்க சார், மத்ததெல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும்" என்றார்.

பிரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் சுவரில்தான் தொடங்குகிறார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். பல வருடங்களுக்கு முன் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டை அண்ணன் தம்பி இருவருக்காகக் கீழ், மேல் என்று பிரித்துக் கொடுத்தேன். மாடி பாத்ரூமுக்கு வரைபடத்தில் கச்சிதமாக அமைந்த இடம், கீழ்வீட்டுச் சமையலறைக்கு நேர் மேலே. அங்கேயே வைத்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் சமையலறைக் கூரையில் ஈரம் தெரிந்தது. குழாயைப் பார்க்க மேல்வீட்டுத் தரையை உடைக்க வேண்டும்; அவர் சம்மதிக்கவில்லை. கூடப் பிறந்தவர்கள் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் கழிவுநீர் எந்த வழியாகத் தெருவுக்குப் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். சுவரெல்லாம் அப்புறம்.

மாம்பலம் வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கற்களைச் சாய்வரிசையில் நிறுத்திவைத்துச் சுண்ணாம்புக் காரையில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து இறுக்கிய தளம். இந்த வகை வீட்டில் தூண் கிடையாது. பாரம் முழுவதையும் கனத்த சுவர்களே வாங்குகின்றன. எந்தச் சுவரைத் தொடலாம் என்று தெரிந்துகொள்ள அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டைகளின் முனை எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறதோ அதில் கைவைக்கக் கூடாது. ஹாலைப் பெரிதாக்கத் தம்பி இடிக்கச் சொன்ன சுவரில் பதினோரு கட்டைகள் உட்கார்ந்திருந்தன. முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

அப்புறம் மேஸ்திரியும் நானும் ஏணி போட்டு, ஒவ்வொரு கட்டையின் முனையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தோம். பழைய தேக்கு நடுவில் இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் நுழைகிற இடம்தான் ஈரத்தில் உளுத்துப்போகும். பழைய குளியலறையை ஒட்டி மூன்று கட்டைகள் அப்படி இருந்தன. ஜாக்கி முட்டுக் கொடுத்து, அடியில் இரும்பு கர்டர் வைத்தோம். இந்தத் தளத்தின்மேல் பத்தடி உயரத்துக்கு நாலரை இஞ்சு செங்கல் சுவர் எழுப்பினால், ஓரடி நீளத்துக்கே 200 கிலோவுக்கு மேல் ஏறும். கூடவே குளியலறை ஈரமும் சேர்ந்தால் மரம் தாங்காது. அதனால் பிளான் அப்ரூவல் வாங்கி, பழைய பின்கட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் தனி கான்கிரீட் தூண்கள் போட்டு, கீழே இரண்டு, அவற்றின்மேல் ஒன்று என்று எல்லாக் குளியலறைகளையும் அங்கே கொண்டுபோனோம். பழைய சுவருக்கும் புதுக் கட்டடத்துக்கும் இடையில் ஓரங்குலம் விட்டோம். இரண்டும் அதனதன் போக்கில் இறங்கும். சேர்த்துக் கட்டினால் விரிசல் நிச்சயம்.

எனக்குத் தூக்கம் கெட்டது கழிவுநீர் வாட்டத்தால்தான். நாலு இஞ்சு குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடி இறக்கமாவது வேண்டும். பின்கட்டிலிருந்து தெரு சேம்பர், அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டி, வரை ஏறக்குறைய அதே நாற்பது அடி. ஆனால் சென்னையில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. பழைய வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. அந்த வாட்டத்துக்காகவே குளியலறைத் தரைகளை அரையடி உயர்த்தினோம். குளியலறைக்கு ஏன் படி என்று இன்றும் அங்கே வருகிறவர்கள் கேட்கிறார்களாம்.

பழைய மாடிப்படி மூத்தவரின் ஹாலிலிருந்து ஏறியது. தங்கை ஒவ்வொரு முறையும் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்துதான் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் அது பங்கு ஆகுமா? வெளியே தனிப் படி கட்டச் செலவு கூடும் என்று மூத்தவர் தயங்கினார், நான் விடவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்தது. அப்போது மணமாகியிருந்தவர்களை அது சேர்க்கவில்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. பத்திரத்தில் எழுதியது படிக்கட்டிலும் தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

தண்ணீருக்கு ஒரே சம்பில் மூன்று மோட்டார் இறக்கி, ஒவ்வொன்றையும் அவரவர் மின் மீட்டரில் இணைத்தோம். யார் மோட்டார் போட்டார்கள், யார் பில் கட்டுவது என்ற பேச்சே வராது. தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் தனித்தனியாக வரும்.

அந்த மீட்டர்தான் ஒரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. எண்பதைத் தாண்டிய அம்மா மூத்தவரோடு தங்குவதாக ஏற்பாடு. பூஜை அறையோ தம்பி பக்கம் போய்விட்டது. "நடுச்சுவர்ல சின்னதா ஒரு கதவு வெச்சுடுங்க தம்பி, நான் போயிட்டு வர்றதுக்கு மட்டும்" என்று கேட்டார். ஒரே கதவு எண்ணில் இன்னொரு மின் இணைப்பு தர வேண்டுமானால் இரண்டு பகுதிகளும் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மின்வாரிய விதி. கதவு வைத்தால் இணைப்பு நின்றுவிடும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்தது. பின்தாழ்வாரத்தைப் பொதுவாக விட்டு, கூரை போட்டு, சுவரோரம் கைப்பிடிக் கம்பி வைத்துக் கொடுத்தேன். மழையில் நனையாமல் அந்தப் பக்கம் போகலாம். அவர் கேட்டது அது இல்லை.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது வக்கீலிடம் ஓர் அட்டவணை சேர்க்கச் சொன்னேன். சேம்பர் அடைத்தால் செலவு மூன்று பங்கு, குழாய் பழுது பார்க்க ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் ஆள் அனுப்பலாம், தடுக்கக் கூடாது, மொட்டைமாடி பொது. திருவல்லிக்கேணியில் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அந்த ஆறு மாதம் வந்திருக்காது. வக்கீல் வாசித்துக்கொண்டே வந்தார். அம்மா அதுவரை எதுவும் பேசவில்லை.

"எழுதுறதோட கிணத்தையும் எழுதிடுங்க. மூணு பேருக்கும் பொது. யாரும் மூடக் கூடாது."

வக்கீல் அதைக் கடைசி வரியாகச் சேர்த்தார்.