கஞ்சி போட்ட சுங்குடி

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு வடித்த கஞ்சியை நான் கொட்டுவதில்லை. அது என் சுங்குடிச் சேலைகளுக்கு. வீட்டு வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது சேலைக்குக் கஞ்சி போடுவதுதான்.

குக்கர் சோற்றில் கஞ்சி கிடைக்காது. அதனால் அன்று மட்டும் பானையில் புழுங்கலரிசி, நிறையத் தண்ணீர். கஞ்சியைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு பருக்கை தப்பினாலும் காய்ந்தபின் வெள்ளைத் திட்டாகத் தெரியும். 1 டம்ளர் கெட்டிக் கஞ்சிக்கு 4 டம்ளர் தண்ணீர் கலப்பேன். விறைப்பாகக் கட்டப் பிடிப்பவர்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். அலசிய ஈரச் சேலையை அதில் முக்கி, மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்துப் பிழிவேன். இளஞ்சூட்டுக் கஞ்சியில் கை அளைவது தனிச் சுகம்.

"உள்பக்கம் வெளிய தெரியுற மாதிரி, நிழல்ல போடு தாயி" என்பார் அம்மாச்சி. மதுரை வெயிலில் அரக்குச் சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும். அப்புறம், மொடமொடப்பு அழகுக்கு மட்டுமில்லை. கஞ்சி நூலின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அழுக்கு அந்தப் பூச்சில் ஒட்டி, அடுத்த துவைப்பில் கஞ்சியோடு போய்விடும்.

கடையில் விற்கும் கஞ்சித் திரவம் வசதிதான். ஆனால் சேலையில் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து, அரை மணி கழித்து இஸ்திரி போடும்போது எழும் சோற்று மணம் அதில் வராது. எனக்கு அந்த மணம் வேண்டும்.

ரொம்ப நாள் பீரோவில் தூங்கப்போகும் சேலைக்கு மட்டும் கஞ்சி போடாதீர்கள், பூச்சி தேடி வரும்.